முதல் சுற்றுக் குஞ்சிதபாதம்

சீர்காழியில் கேபிள் குஞ்சிதபாதத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு வீடாகக் கேபிள் ஒயர் இழுத்துக் கொடுத்தவர் என்பதால் மட்டும் இல்லை. ஒயரை எவ்வளவு தூரம் இழுப்பாரோ அதைவிட அதிக தூரம் பேச்சை இழுப்பார். படம் வரவில்லை என்று கூப்பிட்டால் ஏணியோடு வருவார். ஏணி மேல் நின்றபடியே, போன வாரம் இதே மாதிரி ஒரு வீட்டில் ஒயரைத் தொட்டதும் தன் வாயிலிருந்து ஜப்பான் செய்தி வர ஆரம்பித்துவிட்டது என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைத்த பிறகுதான் தமிழ் திரும்பி வந்தது என்பார். இதற்குள் படம் வந்திருக்கும். வீட்டுக்காரர்கள்தான் டிவியை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய புளுகில் ஒரு விசேஷம் உண்டு. மற்றவர்கள் ஜெயித்ததாகப் புளுகுவார்கள், இவர் தோற்றதாகத்தான் புளுகுவார். தோற்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் யாழினிக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை வீட்டார் விருத்தாசலத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். எமகண்டம் பிறப்பதற்குள், அதாவது பகல் பன்னிரண்டுக்குள், தட்டு மாற்றிவிட வேண்டும் என்று பேச்சு. காலையில் பட்டு வேட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்த குஞ்சிதபாதத்தின் முன்னால் மனைவி வேதவல்லி வந்து நின்றாள்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயை அடக்கிட்டு இருங்க. புளுகக் கூடாது.”

“நான் என்னிக்கு வேதா…”

“மாப்பிள்ளையோட பெரியப்பா பத்திரப்பதிவு ஆபீஸ்ல சார்பதிவாளரா இருந்து ரிடையர் ஆனவர். அப்பா இல்லாத பிள்ளையை அவர்தான் வளர்த்தார். அவர் சொல்றதுதான் அந்த வீட்டுல முடிவு. இதுக்கு முன்னாடி ஒரு இடத்துல பொண்ணு வீட்டுக்காரங்க மாடி வீடுன்னு சொல்லியிருக்காங்க. போய்ப் பார்த்தா மாடிப்படி மட்டும்தான் இருந்துச்சாம். காபியைக்கூடத் தொடாம எழுந்து வந்துட்டாராம்.”

“படி இருந்துச்சுல்ல? பாதி உண்மைதானே?”

வேதவல்லி சிரிக்கவில்லை. சிரிக்காததோடு, முந்தானையைத் திருகிக்கொண்டு அப்படியே நின்றாள். முப்பது வருஷம் பார்த்த முகம். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று குஞ்சிதபாதத்துக்குப் புரிந்துவிட்டது.

“யாழினி ரெடி ஆயிட்டாளா?”

“அவ மயிலாடுதுறை போயிருக்கா.”

“என்னது?”

“பாட்டுப் போட்டிக்கு ஆடிஷன். டிவிக்காரங்க மயிலாடுதுறைக்கு இந்த ஒரு நாள்தான் வர்றாங்களாம். விடியக்காலையிலேயே சிநேகிதியோட ஸ்கூட்டர்ல கிளம்பிட்டா. பத்து மணிக்குள்ள வந்துடுறேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. எனக்கும் வேண்டாம்னு சொல்ல மனசு வரலைங்க.”

கோபம் வரும் என்றுதான் அவரும் காத்திருந்தார். வரவில்லை. இளவட்டமாக இருந்தபோது பாண்டிச்சேரியில் ஒரு டிவி வினாடி வினாவுக்கு வரிசையில் போய் நின்றவர் அவர். வெயிலில் வதங்கி, வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், இவருக்கு முன்னால் நின்றவரோடு கதவைச் சாத்திவிட்டார்கள். டிவி நிகழ்ச்சிகளோடு அவருக்கு இருந்த நிஜமான சம்பந்தம் அவ்வளவுதான். அந்தச் சாத்திய கதவைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதில் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

“உள்ள போயிட்டாளாமா?” என்று கேட்டார்.

“வரிசையில நிக்கிறாளாம்.”

அப்போது வாசலில் வேன் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லாரையும் உட்கார வைத்தாகிவிட்டது. நடுவில் பெரியப்பா ஞானமூர்த்தி. முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். வீட்டுச் சுவர், மேல்கூரை, மூலையில் இருந்த ஈரக்கசிவு என்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். அவருக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா மங்கையர்க்கரசி. சிரித்த முகம்; டிவி என்றால் உயிர். அந்தப் பக்கம் மாப்பிள்ளை இளங்கதிர், மின்வாரியத்தில் வேலை. கையில் போனை வைத்துக்கொண்டு அடிக்கடி அதைப் பார்ப்பதும் வேர்வையைத் துடைப்பதுமாக இருந்தான். பின்னால் உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய.

“பொண்ணு?” என்றார் ஞானமூர்த்தி.

“அலங்காரம் நடக்குதுங்க,” என்றாள் வேதவல்லி.

காலையில் புருஷனுக்கு உபதேசம் பண்ணிய அதே வாய். குஞ்சிதபாதம் அண்ணாந்து மனைவியைப் பார்த்தார். அவளோ விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “தலையை ஆட்டாதடி, பின்னல் கோணுது பாரு!” என்று காலி அறையைப் பார்த்து அதட்டினாள். நாலு வளையலைக் குலுக்கும் சத்தமும் கேட்டது.

காபி வந்தது, போனது. கேசரி வந்தது, போனது. பத்து மணியும் போனது. வேதவல்லி வெளியே வந்து புருஷன் காதருகே, “இன்னும் வரிசை நகரலையாம்,” என்றாள். ஞானமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று சரிபார்த்தார்.  மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில் மங்கையர்க்கரசிதான் வாயைத் திறந்தாள். “ஏண்ணே, நீங்க கேபிள் டிவி வெச்சிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியும். இந்தப் பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, டான்ஸ் போட்டியெல்லாம் நிஜமா நடக்குதா? இல்ல, யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டுப் பண்றாங்களா?”

குஞ்சிதபாதம் உதட்டைக் கடித்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், சாத்திய அறையைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்து, ஆரம்பியுங்கள் என்று தலையை ஆட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைக்காத அனுமதி அது.

“எழுதி வெச்சுதான்னு எப்படிம்மா சொல்ல முடியும்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எல்லாத்துலயும் கலந்துகிட்டவன் நானே உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கேன்.”

“நீங்களா!” என்றாள் மங்கையர்க்கரசி.

“எல்லாத்துலயும். ஆனா ஒண்ணு, எதுலயும் முதல் சுற்றைத் தாண்டினது கிடையாது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல.”

ஞானமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“முதல்ல பாட்டுப் போட்டிக்குப் போனேன். நடுவருங்க எல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு சக்கரம் வெச்ச நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. பாட்டுப் பிடிச்சா நாற்காலி நம்ம பக்கம் திரும்பும். நான் மேடை ஏறினேன். பாடக்கூட இல்லம்மா, தொண்டையைச் சரி பண்ணிக்க லேசா ஒரு கனைப்பு கனைச்சேன். நாற்காலி நகர்ந்துச்சு.”

“திரும்பிடுச்சா?”

“எங்க திரும்புறது? நேரா வாசலைப் பார்த்துக் கிளம்பிடுச்சு. நடுவருங்க, ‘நிறுத்து, நிறுத்து’ன்னு கத்துறாங்க. நாற்காலி கேட்கலை. ஸ்டூடியோ கேட்டைத் தாண்டி மெயின் ரோடு ஏறிடுச்சு. இன்னும் நான் பல்லவிகூட எடுக்கலை. ஒரு நாற்காலி டோல்கேட் வரைக்கும் போய், அங்க லாரிக்குப் பின்னால வரிசையில நின்னுச்சாம். அதுல இருந்த நடுவர், ‘அந்த ஆளு பாடி முடிச்சாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க, அப்புறம்தான் இறங்குவேன்’னு உட்கார்ந்துட்டார்.”

பின்வரிசையில் யாரோ கொக்கரித்துச் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாட்சி?” என்றார் ஞானமூர்த்தி.

“என்ன சார்?”

“நாற்காலி ரோட்டுல போனதுக்கு சாட்சி யார்?”

“லாரி டிரைவர் இருந்தான் சார். என் குரல் காதுல விழுந்ததும் அவன் லாரியை ரிவர்ஸ்லயே எடுத்தவன்தான். இன்னும் ரிவர்ஸ்லயேதான் போய்க்கிட்டிருக்கான்னு கேள்வி. இந்நேரம் ஆந்திராவைத் தாண்டியிருப்பான்.”

ஞானமூர்த்தியின் முகத்தில் ஒரு மயிர்க்கால் அசையவில்லை. மறுபடி அறைக்குள் போய்விட்ட வேதவல்லி, “பூவை இறுக்கி வெச்சா வலிக்கத்தாண்டி செய்யும்,” என்று யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“சரி, பாட்டுதான் நமக்கு வரலை, சமையலுக்குப் போவோம்னு போனேன்,” என்று குஞ்சிதபாதம் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். “ரசம் வைக்கச் சொன்னாங்க. வெச்சேன். ஒரு நடுவர் ஒரே ஒரு கரண்டி வாயில விட்டார். அப்படியே கண்ணை மூடினார். சட்டைப் பையில இருந்து போனை எடுத்தார். பாகப் பிரிவினைச் சண்டையில பேச்சை நிறுத்தின தம்பிக்குப் போனைப் போட்டு, ‘என்னை மன்னிச்சுடுடா, வாய்க்கா ஓரத்து நிலத்தை நீயே வெச்சுக்கடா’ன்னு கதறிட்டார்.”

“அவ்வளவு ருசியா?”

“இல்லம்மா. உயிர் போகப் போகுதுன்னு நினைச்சுட்டார்.”

இந்தத் தடவை கூடமே சிரித்தது. மாப்பிள்ளைகூடப் போனிலிருந்து நிமிர்ந்து சிரித்தான். ஞானமூர்த்தி மட்டும் விரலைத் தூக்கினார்.

“அந்த நிலம் தம்பி பேருக்கு மாறிடுச்சா?”

“மாறிடுச்சு சார்.”

“தானமா, விடுதலைப் பத்திரமா?”

இந்தக் கேள்வியைக் குஞ்சிதபாதம் எதிர்பார்க்கவில்லை. சாதாரணமாக ஊர்க்காரர்கள், “அட, சும்மா விடுய்யா,” என்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியும். எந்தப் பத்திரம் என்று கேட்கிற ஆளிடம் என்ன சொல்வது? 

“ரசத்துலயே கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டார் சார். பத்திரம் ஓட்டையாப் போயிடுச்சு. மிச்ச ரசத்தை ஸ்டூடியோ தொட்டியில ஊத்தினாங்க பாருங்க, அங்கேருந்து கடல் வரைக்கும் எந்தச் சாக்கடையிலயும் அப்புறம் அடைப்பே கிடையாது. துப்புரவு ஆளுங்க என்னைத் தேடி வந்து மாலை போட்டாங்க. ‘ஐயா, மாசம் ஒருவாட்டி வந்து ரசம் வையுங்க’ன்னாங்க. நான்தான் கலைஞன் மானம் பெருசுன்னு வந்துட்டேன்.”

ஞானமூர்த்தி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நெருங்கிவிட்டது. அறை வாசலில் எட்டிப் பார்த்த வேதவல்லி, புருஷனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஆள் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

குஞ்சிதபாதம் வாசல் பக்கம் பார்த்தார். மகள் அங்கே எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறாளோ! உள்ளே விட்டார்களோ, இல்லையோ. இங்கே இந்த மனிதர் எப்போது எழுந்துகொள்வாரோ தெரியவில்லை. பயம் ஏற ஏறப் புளுகும் தானாக ஏறியது.

“அப்புறம் டான்ஸ் போட்டி. ஜோடியா ஆடணும். இவளைக் கூப்பிட்டேன்…”

“என்னை இழுக்காதீங்க!” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“பார்த்தீங்களா, அன்னிக்கும் இதையேதான் சொன்னா. அதனால தனியாளா ஜோடி ஆடினேன். தரையைக் கண்ணாடி மாதிரி துடைச்சு வெச்சிருந்தாங்க. முதல் அடியிலேயே சறுக்கிட்டேன். சறுக்கினவன் நிக்கலை. சுவரு அட்டைச் சுவரு, கிழிச்சுக்கிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்குள்ள போயிட்டேன். அங்க வினாடி வினா ஓடுது. ‘தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டியது யார்?’னு கேட்டாங்க. நான் போற போக்குல, ‘நான் இல்லைங்க’ன்னேன். தப்பான விடைன்னு வெளியேத்திட்டாங்க.”

“விடை தப்பு இல்லையே,” என்றார் ஞானமூர்த்தி.

“அதையேதான் நானும் சொன்னேன் சார்! எங்க கேட்டாங்க? அடுத்த சுவரைக் கிழிச்சேன். உடம்பு இளைக்கிற போட்டி. மேடையில எடை மெஷின் வெச்சிருந்தாங்க, அது மேல ஏறி வழுக்கிப் போனேன். நான் போன வேகத்துல மெஷினுக்கு என் எடையே தெரியலை. பூஜ்யம்னு காட்டிடுச்சு. ‘இளைக்க வேண்டியவங்களுக்குத்தான் இந்தப் போட்டி, நீங்க காத்துய்யா’ன்னு வெளியேத்திட்டாங்க. அதுக்கு அடுத்தது குழந்தைங்க பாட்டுப் போட்டி. அங்க வயசு அதிகம்னு வெளியேத்திட்டாங்க. கடைசிச் சுவரைக் கிழிச்சா ஒரு சீரியல் செட்டு, சாவு வீடு. நானும் சேர்ந்து ஒரு மூச்சு அழுதேன். இது போட்டியே இல்லைங்க, ஆனாலும் அங்கேயும் என்னை வெளியேத்திட்டாங்க. பொணமா படுத்திருந்தவரே எழுந்து வந்து வாசலைக் காட்டினார்.”

மங்கையர்க்கரசிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. உறவுக்காரப் பெண் ஒருத்தி அவள் தலையில் தட்டினாள். “அண்ணே, அந்தக் கேமரா வெச்ச வீடு? உள்ள அடைச்சு வெச்சு, போன் கீன் எதுவும் குடுக்காம… அதுக்குப் போகலையா?”

“போகாம? அதுலதான் எனக்கு ரொம்பக் கெட்ட பேரு. வீடு முழுக்கக் கேமரா. அந்த வீட்டுல ஒரு குரல் மட்டும் வரும், ஆளு தெரியாது. இதைச் செய், அதைச் செய்யாதேன்னு உத்தரவு போடும். நான் போன அன்னிக்குப் பேச ஆரம்பிச்சேன். பேசிக்கிட்டே இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு அந்தக் குரல் அழுதுக்கிட்டே வருது. ‘ஐயா, இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் பேசலாம்னு சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க. நீங்க எனக்கு வாயைத் திறக்க இடமே தர மாட்டேங்கிறீங்க’ன்னுச்சு. ராஜினாமா பண்ணிட்டு ஊருக்குப் போயிடுச்சு. கேமராவெல்லாம் ஒண்ணொண்ணா சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிச்சு. அப்புறம் ஜனங்க ஓட்டுப் போட்டு என்னை வெளியேத்தினாங்க. எந்தப் போட்டியிலயும் விழாத ஓட்டு! டிவி இல்லாத வீட்டுல இருந்தெல்லாம் ஓட்டு. அதுலயும் ஒரே நம்பர்ல இருந்து மூட்டை மூட்டையா ஓட்டு வந்திருக்கு. யாருடான்னு பார்த்தா…”

“நான்தான் போட்டேன்!” என்று அறைக் கதவைத் திறந்து வேதவல்லி சொன்னாள். அவளுக்கே தெரியாமல் வந்த வார்த்தை. கூடம் அதிர்ந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி கதவைச் சாத்தினாள்.

ஞானமூர்த்தி சிரிக்கவில்லை. “சம்பந்தி,” என்றார். “மணி பதினொண்ணரை ஆகப் போகுது.”

“ஒரே ஒரு போட்டி பாக்கி இருக்கு சார். தீவுல விட்டது. அதையும் சொல்லிடுறேன்.” குஞ்சிதபாதம் அவர் எழுந்துவிடாமல் இருக்க, கிட்டத்தட்ட அவர் முழங்காலைத் தொட்டுவிட்டார். “நடுக்கடல்ல ஒரு தீவு. சோறு கிடையாது, தண்ணி கிடையாது. யார் தாக்குப் பிடிக்கிறாங்கன்னு போட்டி. இறங்கின உடனே கரையில ஒரு முதலை. இங்கேருந்து அந்தச் சுவர் வரைக்கும் நீளம். எல்லாரும் ஓடிட்டாங்க. எனக்கு ஓட வராது. அதுகிட்ட, ‘உட்காருப்பா, ஒரு விஷயம் சொல்றேன்’னேன். பாட்டுப் போட்டியில ஆரம்பிச்சேன். ரசத்துக்கு வரும்போது கொட்டாவி விட்டுச்சு. அந்த வாய்க்குள்ள பார்க்கிறேன், போன வருஷப் போட்டியாளர் ரெண்டு பேர் உள்ள உட்கார்ந்து சீட்டு ஆடிக்கிட்டிருக்காங்க. ‘அண்ணே, கதை முடிஞ்சா சொல்லுங்க, அதுவரைக்கும் நாங்க வெளியில வரலை’ங்கிறாங்க.”

“கடல்ல ஏது முதலை?” என்றார் ஞானமூர்த்தி.

“நல்ல கேள்வி சார். அது கொள்ளிடத்து முதலை. வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போனது. அதனாலதான் என் பேச்சு அதுக்கு விளங்கிச்சு. கடைசியில அதுவே ஓட்டுப் போட்டு என்னை வெளியேத்திடுச்சு. ஜெயிச்சவங்களுக்குக் காரு குடுப்பாங்க. எனக்கு யார் என்ன குடுப்பா? ‘ஏறிக்க, உன்னை இங்க விட்டுவெச்சா தீவே எழுந்து போயிடும்’னு முதுகுல ஏத்திக்கிட்டு, பழையாறு துறைமுகத்துல கொண்டுவந்து இறக்கி விட்டுட்டுப் போச்சு. மீன் ஏலம் விட்டுக்கிட்டிருந்தவங்க முதலையைப் பார்த்து பயப்படலை சார். அது முதுகுல நான் இருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் படகை எடுத்துக்கிட்டு ஓடினாங்க!”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அடங்கியபோது ஞானமூர்த்தி எழுந்து நின்றிருந்தார். 

“எத்தனையோ போலிப் பத்திரம் என் மேஜைக்கு வந்திருக்கு,” என்றார் அவர். “எதுலயும் இவ்வளவு ஜோடனை இருந்ததில்ல. ரசிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கு இவ்வளவும்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு கேள்வி. பொண்ணு வீட்டுல இருக்கா, இல்லையா?”

முதலை முதுகில் கடலைக் கடந்தவர் அவர். சொல்வதற்கு நூறு பதில் இருந்தது அவரிடம். பெண்ணுக்குத் திடீர் காய்ச்சல் என்று சொல்லலாம். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம். கொக்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் பேச்சு இப்போது மகளைப் பற்றியது. தன்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், தோற்றதாகவும் சொல்லிக்கொள்ளலாம். அவளை வைத்துப் புளுக அவருக்கு மனசு வரவில்லை.

“இல்லைங்க,” என்றார். “மயிலாடுதுறைல இருக்கா. டிவி பாட்டுப் போட்டிக்கு ஆடிஷன். இன்னிக்கு விட்டா அவளுக்கு வாய்ப்பு இல்ல. நேரத்துக்கு வந்துடுவான்னு நம்பி இருந்தோம். தப்பு எங்க மேலதான். அவ மேல இல்ல.”

 மங்கையர்க்கரசி கலகலவென்று சிரித்தாள். “போங்கண்ணே! நிச்சயத்தன்னிக்கு எந்தப் பொண்ணாவது போட்டிக்குப் போவாளா? இதுதான் எல்லாத்துலயும் பெரிய புளுகு!”

“சத்தியமா நிஜம்மா.”

“சத்தியம் வேற பண்றார் பாருங்க!” என்று பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது. குஞ்சிதபாதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறார், ஒரு ஜனம்கூட நம்ப மாட்டேன் என்கிறது.

ஞானமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. இது நிஜம்,” என்றார். “இவ்வளவு நேரமும் இவர் மேலே ஓடுற ஃபேனைப் பார்த்துப் பேசினார். இப்பத்தான் என்னைப் பார்த்துப் பேசுறார்.” பிறகு அறைப் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்க இவ்வளவு நேரமா உள்ள யாருக்கும்மா தலை பின்னினீங்க?”

கதவு மெதுவாகத் திறந்தது. “தலையணைக்குங்க,” என்றாள் வேதவல்லி, தரையைப் பார்த்தபடி.

“பெரியப்பா,” என்று இளங்கதிர் எழுந்து நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது. “நான்தான் போகச் சொன்னேன். யாழினி வேண்டாம்னுதான் சொன்னாங்க. தட்டு மாத்துறது நாங்க வந்தாத்தானே நடக்கும், நான் எப்படியாவது லேட்டா கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். நீங்க விடியறதுக்குள்ள வேனை எடுக்கச் சொல்லிட்டீங்க.”

“என்கிட்ட ஏன்டா சொல்லலை?”

“ஆதாரம் கேப்பீங்க.”

ஞானமூர்த்தி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருவில் ஸ்கூட்டர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. யாழினி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படி ஏறினாள். தலை காற்றில் கலைந்து கிடந்தது. சுடிதாரில் நம்பர் எழுதிய காகிதம் ஊக்கோடு தொங்கியது. உள்ளே நிறைந்த கூட்டத்தையும், எழுந்து நிற்கும் பெரியவரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னாச்சும்மா?” என்றார் ஞானமூர்த்தி.

“மன்னிச்சுக்குங்க பெரியப்பா. என் முறை வர நேரமாயிடுச்சு.”

“அது இல்ல. போன காரியம் என்னாச்சு?”

“ரெண்டாவது சுற்றுக்கு எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் சென்னையில.”

குஞ்சிதபாதம் ஜமக்காளத்திலிருந்து துள்ளி எழுந்தார். “முதல் சுற்றுல அனுப்பலையா?”

“இல்லப்பா.”

“கதவைச் சாத்தலையா?”

“இல்லப்பா. உள்ள போய்ப் பாடினேன்.”

“பாடுறப்ப… நாற்காலி எதுவும்…”

“என்னப்பா கேக்குறீங்க? ஸ்டூல்ல உட்கார்ந்து கேட்டாங்க. நல்லா இருக்குன்னாங்க.”

“என்கிட்ட புளுகாதம்மா,” என்றார் குஞ்சிதபாதம்.  துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேதவல்லி மகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். இந்தத் தடவை உள்ளே நிஜமாகவே வளையல் குலுங்கியது, “வலிக்குதும்மா” என்று நிஜமான குரல் கேட்டது. அரைகுறைப் பின்னலோடும் அவசரத்தில் சுற்றிய பட்டுப் புடவையோடும் யாழினி வந்து உட்கார்ந்தாள். எமகண்டம் பிறப்பதற்குள் தட்டு மாறிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். மங்கையர்க்கரசி பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைக்கும்போதும், “ரசம் மட்டும் உங்கப்பாகிட்ட கத்துக்காதே,” என்று காதில் சொல்லிச் சிரித்தாள்.

எல்லாம் முடிந்து இலை போடுகிற சமயத்தில் ஞானமூர்த்தி கையைக் காட்டிக் குஞ்சிதபாதத்தைப் பக்கத்தில் அழைத்தார். குஞ்சிதபாதம் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தார்.

“சம்பந்தி, நாற்காலி டோல்கேட் போனதை ஒத்துக்கிறேன்,” என்றார் ஞானமூர்த்தி, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டே. “முதலை முதுகுல நீங்க வந்ததையும் ஒத்துக்கிறேன். ஆனா உங்க வீட்டுல ஒருத்தர் ரெண்டாவது சுற்றுக்குப் போனாங்கன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் நம்ப முடியலை.”